வெயிலில் ஆடிய வைப்பர்

"மழையே இல்லாம கார் வைப்பர் ஏன் ஆடிச்சுன்னு கேட்டதுக்கு, தானா ஆடுதுன்னு என் வீட்டுக்காரர் சொன்னாரே, சரி பண்ணிட்டீங்களா?"

"வைப்பர், சென்சர் எதுலயும் குறை இல்லைங்க மேடம்," என்றார் மெக்கானிக். "யாரோ கையாலதான் போட்டிருக்காங்க. கார் கேமராப் பதிவுல பார்த்தேன், ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னாடி ஆடுது. இண்டிகேட்டர்னு நெனச்சு வைப்பரைத் தட்டுறாங்க. புதுசா ஓட்டக் கத்துக்கிறவங்க பண்ற தப்பு."

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் ஓட்டச் சொல்லித் தரும்படி அவள் எத்தனை தடவை கேட்டிருப்பாள்! "உனக்கெதுக்கு வண்டி?" என்று ஸ்டியரிங்கைத் தொடவிடாத மனுஷன், இப்போது எவளுக்குச் சொல்லித் தருகிறார்?

மறுநாள் காலை அவர் கிளம்பியதும் ஒரு ஆட்டோவைப் பிடித்துப் பின்னாலேயே போனாள். காலி மைதானத்தில் கார் வட்டமடித்துக்கொண்டிருந்தது. சுளீரென்ற வெயிலில் வைப்பர் ஆடியது. கணவர் இடப்பக்க சீட்டில் இருந்தார். கார் நின்றதும் பாய்ந்துபோய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"அம்மா! நீயா?"

"கத்தாதடி, பிரேக்ல கால் வச்சிருக்கேன்."

பெற்ற தாய்தான் என்று தெரிந்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை.

"நான் இத்தனை வருஷமா கெஞ்சினேன். உனக்கு மட்டும் எப்படிம்மா சொல்லித் தர்றார்?"

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ கெஞ்சின," என்றாள் அம்மா. "நான் மிரட்டினேன்."