பத்து மடங்கு

ஊருக்கு மைக்ரோ கம்ப்யூட்டர் வந்த புதிதில், அங்கிருந்த மருத்துவமனைக்காகப் பச்சிளங்குழந்தையின் எடைக்கேற்ப மருந்தளவைக் கணக்கிடும் புரோகிராமை எழுதியவர் பிரபாவதி. அதில் கிடைத்த பெயரில்தான் பிறகு சொந்தக் கம்பெனி, விருதுகள் எல்லாம். நாற்பது ஆண்டுகள் கழித்து அதே மருத்துவமனை அவருக்குப் பாராட்டு விழா நடத்தியது. சால்வை போர்த்தி முடிந்ததும், அந்தக் காலத்தில் அங்கே நர்ஸாக இருந்த ஸ்டெல்லா தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

“மேடம், ஒரு கிலோவுக்குக் கம்மியான குழந்தைன்னா உங்க மெஷின் பத்து மடங்கு மருந்து காட்டும். நான் ஒரு சைபரைக் குறைச்சுட்டுத்தான் ஊசி போடுவேன்.”

பிரபாவதி கேட்டார்: “யார்கிட்டயும் சொல்லலையா?”

“பெரிய டாக்டர்கிட்ட சொன்னேன். மெஷின் தப்பு பண்ணாது, உன் வேலையைப் பாருன்னுட்டார். கூட இருந்தவங்களும் நம்பல. அப்படிக் குழந்தை வந்தா, லீவுல இருந்தாலும் ஓடி வந்துடுவேன். நாலு வருஷம் அப்படித்தான். அப்புறம் வெளியூருக்கு மாத்திட்டாங்க.”

“அதுக்கப்புறம்?”

“நான் அங்க இல்லையே மேடம்.”

குரூப் போட்டோவுக்கு யாரோ கூப்பிட்டார்கள். பிரபாவதி திரும்பவில்லை. பழைய வார்டு ரெஜிஸ்டர்கள் எந்த அறையில் இருக்கின்றன என்று எதிரில் வந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டே ஓடினார்.