பாதி அழுத்திய தந்தி

மிராசுதார் வீட்டுக் கல்யாணப் பந்தலில் சாமிதுரை வாசித்து நிறுத்துகிறான். மடியில், மிராசுதாரின் மகனான மாப்பிள்ளையின் சிங்கப்பூர்க் கிடார். "என்னா கைவாகுய்யா!" என்கிறார் ஒருவர். மிராசுதார் முகம் சுருங்குகிறது. "கையாவது காலாவது! கிடாரு பேசுதுய்யா. டேய், ஒன்னோடத எடுத்து வாசி, பாப்போம்." சாமிதுரை தன் ஒட்டுப்பலகைக் கிடாரை எடுக்கிறான். அதிலும் அதே நாதத்தைக் கொண்டுவர அவனால் முடியும். பந்தல்காலோரம் வெயிலில், துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி அப்பா நிற்கிறார். மிராசுதார் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர். குத்தகையைத் தன் பேரில் பதியச் சொல்லித் தாலுகா ஆபீசில் மனுப் போட்ட நாளிலிருந்து, நிலத்தை விட்டுப் போகச் சொல்லி அவரை மிரட்டுகிறார்கள். வேண்டாம் என்று அவர் தலை லேசாக ஆடுகிறது. சாமிதுரையின் இடதுகை விரல்கள் தந்தியைப் பாதிதான் அழுத்துகின்றன. தகரத்தைச் சுரண்டுவதுபோல் கிடார் கரகரக்கிறது. "கேட்டீங்களா?" என்று கூட்டத்தைப் பார்க்கிறார் மிராசுதார். பந்தலில் முதலில் எழும் சிரிப்பு அப்பாவுடையது.