கெண்டைக்கு ஆள் தெரியும்

ஏரியில் தூண்டில் போட்டி. வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக, முழங்கால் தண்ணீரில் ஆடாமல் அசையாமல் நின்றார் ‘சாம்பியன்’. அப்படிக் கூப்பிடச் சொன்னதே அவர்தான். கோப்பைக்கு வீட்டு ஷோகேஸில் இடம்கூட ஒதுக்கிவிட்டு வந்திருந்தார்.

அவர் கூடை நிறைய வயிறு புடைத்த கெண்டைகள். ஆழத்தில் தூண்டில் வீசிய மச்சினனின் கூடை காலி.

“என்ன மாப்ளே, மீனெல்லாம் உன் மூஞ்சியப் பாத்துட்டு ஓடிருச்சா?”

“உங்களுக்கு மட்டும் எப்படி அத்தான் மாட்டுது?”

“அதுங்களே மேல வந்து என் காலடியில மிதக்குதுடா. ஆளப் பாத்து வருது!”

எடை போட வந்த மீன்வளத்துறை அதிகாரியம்மா கோப்பையை விட்டுவிட்டுக் கத்தியை எடுத்தார். கெண்டையின் வயிற்றைக் கீறியதும் வெள்ளை நாடாபோல ஒரு புழு நெளிந்து வந்தது, வந்துகொண்டே இருந்தது.

“வெளிநாட்டு மீனோட வந்த புழு சார். பக்கத்து ஏரியில இருந்துச்சு, இப்ப இங்கயும் பரவிடுச்சு. இந்த எடையில பாதி புழுதான். கோப்பை கிடையாது.”

“மேல மிதக்குதே, அது?” சாம்பியன் விடவில்லை.

“புழு அடுத்து பறவை வயித்துக்குப் போயாகணும். அதனால மீனக் கரையோரமாக் கொண்டுவந்து கொக்குக்குக் காட்டிக்கொடுக்கும்.”

மச்சினன் காலிக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அத்தானைத் தொப்பியிலிருந்து முழங்கால்வரை நிதானமாகப் பார்த்தான்.

“நீங்க சொன்னது சரிதான் அத்தான். ஆளப் பாத்துதான் வந்திருக்கு.”