நூற்றுப்பத்தாம் பக்கம்

வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்கிறேன்: இதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது.

“உபதேசியாரே, மழைக்கு முந்தி முடிச்சிருங்க. இருந்தப்பத்தான் அந்த மனுசன் ஒழுங்கா இல்ல, போறப்பவாவது முறையாப் போகட்டும்,” என்றாள் புஷ்பமேரி.

சூரியநெல்லி எஸ்டேட் கல்லறைத் தோட்டம். குழியோரத்தில் அவள் புருஷன் யாக்கோபுவின் பெட்டி. அவளுக்குக் குடை பிடித்து நின்றவர் ஜோஸ் கங்காணி, மனைவியை இழந்து நாலு வருடமானவர்.

உபதேசியார் பவுல்ராஜ் போனை எடுத்தார். கோயிலில் இருந்த ஜெபப்புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டதால், அதையே போனில் இறக்கி வைத்திருந்தார்.

“எழுத்து எறும்பாட்டம் இருக்கே” என்று இரண்டு விரலால் பெரிதாக்கினார். திரையில் மூன்று வரிதான் நின்றது. ஒரு தள்ளுக்கு முகவுரை வந்தது. இன்னொரு தள்ளுக்கு ஞானஸ்நானம்.

“பிள்ளைக்குப் பேரு வைக்கிற இடம் வந்து நிக்குது.”

“அவருக்குப் பேரெல்லாம் இருக்கு. மேல போங்க!” என்றாள் புஷ்பமேரி.

“எதுக்குத் தள்ளிக்கிட்டு? அடக்க ஆராதனை நூத்திப்பத்தாம் பக்கம். முப்பது வருசமா அதானே? நம்பரைப் போடுங்க, நேரா போயிரும்,” என்றார் ஜோஸ்.

உபதேசியார் போட்டார். எழுத்து பெருத்தால் பக்கமும் பெருகும், பழைய புத்தகத்து நம்பர் செல்லாது என்று அங்கே யாருக்குத் தெரியும்? வந்த வரியைக் கண்ணை இடுக்கிக்கொண்டு, ராகம் போட்டு வாசித்தார்.

“இந்தப் பெண்ணை உன் மனைவியாக ஏற்றுக்கொண்டு, சாகுமட்டும் காப்பாயா?”

“காப்பேன்,” என்றார் ஜோஸ்.

கூட்டம் திடுக்கிட்டு நிமிர்ந்தது.

“யோவ் கங்காணி! என்னய்யா சொன்னீரு?” என்று அலறினாள் பக்கத்து லயத்து வீட்டுக் குருவம்மாள்.

“உபதேசியார் கேட்டா பதில் சொல்லணும்ல?” ஜோஸ் விழித்தார். “பழக்கதோசம்.”

உபதேசியாருக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. பின்னால் போகத் தள்ளினார். போன் முன்னால் போனது. வாய் தானாக வாசித்துவிட்டது.

“இந்த மனுஷனை உன் புருஷனாக ஏற்றுக்கொள்வாயா?”

புஷ்பமேரி பெட்டியைப் பார்த்தாள். ஜோஸைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏற்றுக்கொள்வேன்.”

“அடிப்பாவி!” குருவம்மாள் நெஞ்சில் அறைந்துகொண்டாள். உபதேசியாரின் போன் நழுவிக் குழிக்குள் விழுந்தது.

அதன் பிறகு யார் யார் முகம் எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். மூடியை முன்பே ஆணியடித்துவிட்டார்கள், பெட்டிக்குள் படுத்திருந்த எனக்குக் காதில் விழுந்ததும், பலகை இடுக்கில் தெரிந்ததும் அவ்வளவுதான்.