சுண்ணாம்புக் கலயம்

பனங்காட்டில் மரநாய் ஒரு கள்ளுக்கடை வைத்திருந்தது. மாலையானால் அங்கே சில்வண்டு பாடும்.

கள்ளை விட்டுவிட்ட கரடியால் அந்தப் பாட்டை விட முடியவில்லை. உள்ளே போனால் மறுபடியும் குடித்துவிடுவோமோ என்று பயந்து, புதருக்குப் பின்னால் நின்றே கேட்டது.

மரநாய் அதைப் பார்த்துவிட்டது. மறுநாள் ஒரு பனையில் மட்டும் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டியது. சுண்ணாம்பு பட்டால் பாளைச் சாறு புளிக்காது. இனிக்கும் பதநீராகவே இருக்கும்.

மாலையில் கரடியைக் கூட்டிவந்து, எல்லோருக்கும் தரும் அதே பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தது.

“வாங்க மாமா! சபதமெல்லாம் காத்துல போச்சா?” என்று குரங்கு கேலி செய்தது.

கரடி பட்டையைக் கீழே வைக்கப் போனது.

“பதநீர்தான் அண்ணே. தைரியமா குடிங்க” என்று மரநாய் காதோடு சொன்னது.

பாட்டு முடிந்தபோது குரங்கும் கள் குடித்த மற்ற விலங்குகளும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தன. கரடி சில்வண்டிடம் போய், “ரொம்ப நன்றி தம்பி” என்றது.

“நான்தான் சொல்லணும் அண்ணே. இந்தப் பாட்டுக்கு ஒரு முடிவு இருக்குன்னு இன்னைக்குத்தான் இங்கே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு. நாளைக்கும் வருவீங்கல்ல?” என்றது சில்வண்டு.