சோமு மாமாவின் மூணு சொம்பு

பஸ் குன்றக்குடியைத் தாண்டின பிறகுதான் மருதுபாண்டி தலையைத் தூக்கினான். தூக்கியிருக்க வேண்டாம். இரண்டு சீட்டுக்கு முன்னால் சோமு மாமாவின் வழுக்கை பளபளத்தது.

காரைக்குடியிலேயே ஞாயிற்றுக்கிழமைதோறும் குடியை விட்டவர்கள் கூட்டம் நடக்கத்தான் செய்கிறது. அங்கே போனால் தெரிந்தவன் எவனாவது பார்த்துத் தொலைப்பான் என்றுதான், போன் போட்டு விசாரித்து, திருப்பத்தூர்க் கூட்டத்துக்குக் கிளம்பியிருந்தான். அதற்கும் இந்த மனுசனா வரவேண்டும்?

பக்கத்து வீட்டுக்காரர். கோயில் கமிட்டியில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மருதுபாண்டி தள்ளாடி வருகிற சாயங்காலமெல்லாம் வாசலில் நின்று, குடும்பத்தை நினைத்துப் பார் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறவர்.

திரும்பிப் பார்த்துவிட்டார்.

"என்ன மாப்ள, இம்புட்டுத் தூரம்?"

"ஒரு ஏசி ரிப்பேரு மாமா. நீங்க எங்க போறீக?"

"ஒரு காதுகுத்து."

ஸ்பானர் இல்லாத மெக்கானிக்கும், கசங்கின சட்டையில் காதுகுத்துக்குப் போகிறவரும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் பல்லைக் காட்டிக்கொண்டார்கள்.

திருப்பத்தூரில் இவன் இறங்கினான். அவரும் இறங்கினார். இவன் டீக்கடைக்குள் புகுந்தால், அவர் எதிர்க்கடையில் வாழைப்பழம் விலை விசாரித்தார். இங்குட்டு ஒரு சந்து, அங்குட்டு ஒரு சந்து என்று மூச்சு வாங்க ஓடிப் பார்த்தான். பின்னாலேயே செருப்புச் சத்தம் வந்தது.

திரும்பிப் போகவும் முடியாது. போன இரண்டு வாரமும் கூட்டத்துக்கென்று கிளம்பி, பாதி வழியில் கால் ஒயின்ஷாப்புப் பக்கம் திரும்பிவிட்டது. இந்த வாரமும் உள்ளே போய் உட்காராவிட்டால், பெண்டாட்டி சத்தியப்பிரியா மகளைக் கூட்டிக்கொண்டு ஒக்கூரில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். பையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டுத்தான் இவனை அனுப்பியிருந்தாள்.

கூட்டம் ஒரு டியூசன் சென்டரின் மாடியில். பதினைந்து பேர் இருந்தார்கள். கடைசி வரிசையில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். நிமிர்ந்தால், வாசலில் சோமு மாமா.

போச்சு. நாளைக்குத் தெருவே சிரிக்கும். இதற்கு ஓடிப்போவதே மேல். ஓடுகிற வழியில்தான் கடையும் இருக்கிறது. மருதுபாண்டி எழுந்துவிட்டான்.

கூட்டத்தை நடத்துகிற சின்னக்கருப்பன், யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டு வாயை மூடவில்லை. சோமு மாமா முன்னால் போய் நின்று கையைக் கூப்பினார்.

"எம் பேரு சோமு. நான் ஒரு குடிகாரன்."

எழுந்த மருதுபாண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மாமா சொல்லிக்கொண்டே போனார். காலையில் பல் விளக்கினதும் வெறும் வயிற்றில் ஒரு சொம்பு பிராந்தியாம். மத்தியானம் மோர்ச்சோற்றுக்கு மேல் ஒரு சொம்பு. ராத்திரி பாலைக் குடித்துவிட்டு, படுக்கிறதுக்கு முன்னால் இன்னொரு சொம்பு. இப்படியே இருபது வருசம்.

முன்வரிசையில் ஒருத்தர் துண்டை எடுத்து வாயை அடைத்துக்கொண்டார். இன்னொருத்தருக்குத் தோள் குலுங்கியது. பாவம், அழுகிறார் போல என்று மருதுபாண்டி நினைத்தான்.

அவனுக்கோ உள்ளுக்குள் குதியாட்டம். எத்தனை சாயங்காலம் நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டவர். கடைசியில் நம்ம ஆள்தானா? நாம் ஒரு குவாட்டருக்கே வாசற்படியில் விழுந்து கிடந்தோம். மனுசன் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டு, நேராக நடந்து போய் கோயில் கமிட்டியில் வேறு பேசியிருக்கிறாரே. இவருக்கு முன்னால் நமக்கென்ன வெட்கம்?

அடுத்து இவனே எழுந்தான். எல்லாவற்றையும் சொன்னான். மகள் கீர்த்தி, பள்ளிக்கூட மீட்டிங்குக்கு நீங்க மட்டும் வந்துராதீகப்பா என்று சொன்னதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அப்போது யார் தோளும் குலுங்கவில்லை. முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். முதலில் தட்டினது சோமு மாமா.

டீ கொடுக்கிறபோது மருதுபாண்டிக்குத் தரையில் கால் பாவவில்லை. சின்னக்கருப்பனைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு நாளைக்கு மூணு சொம்புண்ணே. அவரே விட்டுட்டாருன்னா நான் விட மாட்டனா? அடுத்த வாரமும் வாரேன்."

சின்னக்கருப்பன் எட்டிப் பார்த்தார். சோமு மாமா படிக்குக் கீழே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். சின்னக்கருப்பன் குரலை இறக்கினார்.

"நீ எப்படியும் வருவேன்னு தெரிஞ்சதால சொல்றேன் தம்பி. அந்த மனுசன் ஒரு சொட்டுக் குடிச்சதில்ல. உம் வீட்டம்மா சொல்லித் தெரிஞ்சுக்கிட்டு, காலையில எனக்குப் போன் போட்டாரு. வழியில நீ நழுவிராம பின்னாலயே வாராராம். ஆனா அவரைப் பாத்தா நீ வெக்கத்துல ஓடிருவியாம், அதனால தானும் குடிகாரன்னு சொல்லிக்கிறாராம். உங்க பேரு கெட்டுப்போகும், வேணாம்னேன். கேக்கல. என்ன சரக்குன்னு சொல்லணும்னு மட்டும் கேட்டு எழுதிக்கிட்டாரு. எம்புட்டுன்னு கேக்க மறந்துட்டாரு."