குளிக்க வந்த இடத்தில்

அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளமும் அதன் ஓரத்தில் நின்ற ஷவரும் நெருங்கிய சிநேகிதர்கள். ஷவருக்கு மேலே, ‘குளித்துவிட்டுக் குளத்தில் இறங்கவும்’ என்று ஒரு பலகை தொங்கியது.

“குளிக்க வந்த இடத்துல குளிச்சிட்டு வரணுமாம்!” என்று சிரித்தபடியே, தலையில் தேங்காய் எண்ணெயும் உடம்பில் ஜிம் வியர்வையுமாகக் குளத்தில் குதித்தாள் பரிமளா. எல்லாரும் அப்படித்தான் குதித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் அரிப்பு. “தண்ணி சரியில்ல” என்று குடியிருப்புச் செயலாளர் குருநாதன் தினமும் இன்னும் கொஞ்சம் குளோரின் போட்டார். அது எண்ணெயோடும் வியர்வையோடும் மல்லுக்கட்டியதில் அரிப்பு கூடியதுதான் மிச்சம். கடைசியில் பலகையை மாற்றினார்: ‘குளத்தை விட்டு ஏறியதும் கட்டாயம் குளிக்கவும்.’

அன்று முதல் ஷவர் முன்னால் ஒரே கூட்டம். “அப்பாடா, இதுதான் தண்ணி!” என்றார்கள்.

ஷவருக்கு மனசு கேட்கவில்லை. “உன்னைத் திட்டிட்டு என்னைப் புகழுறாங்க. எனக்குக் கூசுது” என்றது குளத்திடம்.

“அந்த அழுக்கு அவங்க கொண்டு வந்ததுன்னு நீயாவது சொல்லக் கூடாதா?”

“ஒவ்வொருத்தர் காதுகிட்டயும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்” என்றது ஷவர். “அவங்களுக்குத் தண்ணி விழுற சத்தமாத்தான் கேக்குது.”